மாப்பிள்ளைக்கு ஒரு விலகல் கடிதம்

"ஒப்பம் வைக்க ஏலா. போய் வேலையப் பாரு!" என்றேன் நான்.

தலைவர் சீனிமுகம்மதுவும் தலையை ஆட்டினார்.

மேசையில் கிடந்தது ஒரு தாள்தான். கல்முனைக்குடிக் கூடைப்பந்துக் கழகம் ஸலாஹுதீனை விடுவிக்கிறது, அவர் இனி மருதமுனைக் கழகத்துக்கு விளையாடலாம் என்று இரண்டு வரி. கீழே தலைவரும் செயலாளரும் ஒப்பமிட வேண்டும். செயலாளர் நான்தான். ஒப்பம் இல்லாவிட்டால் எண்பத்திரண்டாம் ஆண்டு முழுக்க அவன் மருதமுனைக்குப் பந்தைத் தொட முடியாது.

ஸலாஹுதீன் கதவோரம் குனிந்து நின்றான். நிமிர்ந்தால் நிலையில் தலை முட்டும், அவ்வளவு உயரம். போன வருடம் நாங்கள் எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் அவன் போட்டதுதான்.

"வாற வியாழக்கிழம கலியாணம் காக்கா. பொண்ணு மருதமுனை. நம்மட வழக்கம் தெரியும்தானே, மாப்புளதான் பொண்ணு ஊட்டுக்குப் போற. இனி நான் அந்த ஊராள்."

"ஊடு மாறினா ஊரும் மாறுமோ?"

பொருளாளர் அப்துல் ஸமட் சமாதானமாகச் சொன்னார். "தம்பி, மூணு கட்டைதானே தூரம். சைக்கிள எடுத்தா அரை மணித்தியாலம். வந்து நமக்கே விளையாடிட்டுப் போவன்."

"இறுதிப் போட்டி மருதமுனையோட வந்தா, ஸமட் காக்கா? மாமி ஆக்கின சோத்தப் பகலைக்குத் திண்டுபோட்டு வந்து, அவங்கட பொடியனுகளத் தோற்கடிச்சிப்போட்டு, ராவைக்கும் அங்கயே போய்ச் சோத்துக்குக் குந்தச் சொல்றீங்களா?"

ஸமட் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"டேய், நீ விளையாடிப் பழகின அந்தக் கோட்டுக்கு மண் சுமந்தது ஆரு? இந்த ஊரு! நோன்பு புடிச்சிக்கிட்டு தொண்ட கிழிய உனக்காகக் கத்தினது ஆரு? இந்த ஊரு! இப்ப மருதமுனையானுக்குப் பந்து போடப் போறயா? அவனுகளுக்குத் தறியில நூல் புடிக்கத்தான் தெரியும், பந்து புடிக்கத் தெரியுமா? வெக்கமா இல்லையா உனக்கு?"

ஸமட்டுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஸலாஹுதீன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். என்ன பார்வை வேண்டிக்கிடக்கு என்று எனக்கு இன்னும் கோபம்.

"பொறந்த ஊர விட்டுப் போறவனுக்கு நான் ஒப்பம் வைக்க மாட்டன். முடிஞ்சிது கத," என்றேன். தலைவர் பேனையை மூடினார்.

"மூடின பேனையத் தொறங்க."

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து வந்தது குரல். தலைவரின் மனைவி சுஹறா ராத்தா. எங்கள் கூட்டம் எப்போதும் அவர் வீட்டு முன்னறையில்தான். ராத்தாவுக்கு அவர் வாப்பா கட்டிக்கொடுத்த வீடு.

"நீ உள்ள போ, சுஹறா."

"உள்ளதான் நிக்கிறன். அந்த அலுமாரிக்குள்ள இருக்கிற கப் எப்ப எடுத்த?"

எங்கள் கழகத்திடம் இருக்கும் ஒரே கப் அது. "அறுபத்தெட்டில," என்றார் ஸமட் பெருமையாக.

"எந்த ஊர அடிச்சி எடுத்த?"

"நிந்தவூர."

"கடைசிப் பந்து போட்டது ஆரு?"

ஸமட் தலைவரைப் பார்த்தார். தலைவர் நிலத்தைப் பார்த்தார்.

"இவருதான். நிந்தவூரில பொறந்து வளந்து, எனக்கு மாப்புளயா இஞ்ச வந்து அப்ப நாலு மாசம். அந்த ஊராக்கள் ஒரு கத கதைக்காம ஒப்பம் வச்சிக் குடுத்தாங்க. அந்தக் கடுதாசி இன்னமும் என்ட பெட்டிக்குள்ள கிடக்கு. எடுத்துவரட்டா?"

"வேணாம் புள்ள," என்றார் தலைவர். பேனை திறந்தது. ஒப்பம் விழுந்தது. தாள் என் பக்கம் வந்தது.

"செயலாளருக்கு நான் ஒண்டும் சொல்லத் தேவல்ல," என்றது திரைச்சீலை. "அவருக்கே தெரியும்."

எனக்கு மனம் இறங்கவில்லை. தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒப்பம் வைத்து, அவன் நெஞ்சோடு சேர்த்துத் தள்ளினேன். "இந்தா! போய் அந்த ஊரோடயே கிட!"

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். எல்லாருக்கும் ஸலாம் சொன்னான். வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கையைக் காட்டி அழைத்தான். என்ன திமிர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"காக்கா, பொண்ணு ஊட்டுக்கு அடுத்த ஊடுதான் உங்கட உம்மாட ஊடு. நேத்து என்னக் கண்டுபோட்டு, தறியால எழும்பி வந்து கேட்டா. ரெண்டு பெருநாளா உங்களக் காணல்லயாம், எப்ப ஊருக்கு வருவீங்களாம்?"