ஒரு அடி பின்னால்

கல்யாணங்களில் குரூப் போட்டோ எடுக்கும்போது நான் யாரையும் பின்னால் போகச் சொல்வதில்லை. எல்லோரும் படத்துக்குள் அடங்காவிட்டால் நானேதான் பின்வாங்குவேன். எட்டு வருடங்களுக்கு முன், சுற்றுலா போன மலையுச்சியில், "இன்னும் ஒரு அடி பின்னால போம்மா, முழுசா வரல" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை. தனியாகத்தான் இறங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு நாய்களைப் படமெடுப்பதுதான் நிம்மதி. ஆனால் என் ஸ்டூடியோவில் ஒரு நாய்கூட லென்ஸைப் பார்க்காது. என் தோளுக்குப் பின்னால் வெறும் சுவரைப் பார்த்து வாலாட்டும். "சோறு போடற எனக்குக்கூட இப்படி ஆட்டாது சார்" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

நேற்று மதியம் ஒரு கல்யாணம். பெண் வீட்டாரின் புது வீட்டு மொட்டைமாடியில் முப்பத்தொரு பேரை நிற்க வைத்து, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்வாங்கிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் இரண்டு பேர் இன்னும் அடங்கவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அத்தை சிரித்தார். "நீங்க முதல்ல திரும்பிப் பாருங்க தம்பி. உங்ககூட வந்த அம்மா எவ்வளவு நேரமா கூப்பிடறாங்க, இன்னும் ஒரு அடி பின்னால வாங்கன்னு."

திரும்பினேன். என் குதிகாலோடு தளம் முடிந்திருந்தது. அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை.