பதிவேட்டில் ஒரு சிலுவைக் குறி

1977-ஆம் வருடக் காலண்டர் தொங்கும் மரக்காணம் மாதா கோயில் அறையில், உபதேசியார் ராயப்பன் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைக்கிறார். உப்பளத்திலிருந்து நேராக வந்த சவரியம்மாள் மேசையைத் தொடாமல் நிற்கிறாள். உள்ளங்கை வெடிப்புகளில் வெள்ளையாக உப்பு. மகளைப் பெண் பார்த்துப் போனவர்கள் பூர்வீகம் எதுவென்று கேட்டிருக்கிறார்கள். தாத்தாவுக்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பூச்சி அரித்த தாள் நொறுங்காமல் புரள்கிறது. "இதோ பாரும்மா, உங்க தாத்தா அருளப்பன். நூறு வருஷத்துக்கு முந்தி வந்த தாது வருஷப் பஞ்சம். தாய் தகப்பன் தெரியாது, உப்பளத்து வரப்புல கெடந்த கொழந்தைன்னு எழுதியிருக்குது." அவள் தலை தாழ்கிறது. அவர் விரல் அடுத்த வரிக்கு நகர்கிறது. "தூக்கியாந்தவங்களே ஞானத்தாய். வளக்கறதுக்கும் ஏத்துக்கிட்டாங்க. பேரு சவரியம்மாள், உப்பளக் கூலி." வெளியே உப்பு வண்டியின் கிறீச்சொலி தேய்ந்து அடங்குகிறது. "எம் பேருங்க," என்கிறாள் மெல்ல. "நான் பொறந்தப்ப இந்தப் பேருதான் வைக்கணும்னு தாத்தா ஒத்தக் கால்ல நின்னாராம். ஏன்னு யாருக்கும் தெரியல." பெயருக்கு எதிரே, கையெழுத்துக்குப் பதிலாகக் கோணலாக ஒரு சிலுவைக் குறி. "பூர்வீகம் மரக்காணத்து உப்பளம்னே மாப்ள வீட்டுல சொல்லிடறேங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிகிறாள். முந்தானையிலிருந்து ஓர் உப்புக்கல் குறியின் பக்கத்தில் விழுகிறது. ஊதித் தள்ள உபதேசியார் வாயைக் குவிக்கிறார். அவள் அவசரமாகக் கைநீட்டித் தடுக்கிறாள். "இருக்கட்டுங்க. கொள்ளுப்பேத்தி வந்துட்டுப் போனான்னு அவங்களுக்குத் தெரியட்டும்."