பாலாய் நிற்கும் சீரம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலில் காலை வெயில் விழுகிறது. சுழன்று நின்ற இயந்திரத்திலிருந்து எடுத்த குழாயை அவள் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறாள். அடியில் ரத்தம் உறைந்து கிடக்கிறது. மேலே இளமஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டிய சீரம் என்ற ரத்தநீர் கொழுப்பேறிப் பாலைக் கொட்டியதுபோல் வெளுத்து நின்று, தின்றுவிட்டு வந்தவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வந்தவன் அவளுடைய அக்கா புருஷன். செருப்பு நுழையாத வலது காலை எதிரே ஸ்டூல்மேல் நீட்டியிருக்கிறான். பெருவிரல் வீங்கிச் சிவந்து பளபளக்கிறது. மின்விசிறிக் காற்று பட்டாலே பல்லைக் கடிக்கிறான். வீடு நிறைய ஆட்கள் பார்க்க, அக்கா அந்தக் காலில்தான் விழுந்தாள். விழுந்தவளை வாசலுக்குத் தள்ளியதும் அதே கால்தான். முகக்கவசத்துக்குள் இருக்கிற மைத்துனியை அவனுக்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை.

"கால் வலிக்கு யூரிக் ஆசிட் பாத்தா போதாதா? டாக்டர் எதுக்கு ட்ரைகிளிசரைடுன்னு கொழுப்பு டெஸ்டும் எழுதியிருக்காரு?"

"ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி சார். ஒருத்தி ஏறினா, இன்னொருத்தியும் பெரும்பாலும் கூடவே ஏறி நிப்பா. வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

"ஆமா" என்கிறான், மீசையில் ஒட்டிய பிஸ்கட் தூளோடு.

அவள் குழாயை மெதுவாக வைத்துவிட்டு, முகக்கவசத்தை ஒற்றை விரலால் தாடைக்கு இறக்குகிறாள். அவன் பதறி எழுகிறான். கால் தரையில் பட்டதும் "அம்மா!" என்று அலறி உட்கார்கிறான்.

"நாளைக்கு நிஜமாவே பட்டினியா வாங்க, அத்தான். இன்னொரு தடவை குத்தணும். நானே குத்தறேன்."