வளையல் சத்தம்

பறவை பார்க்கச் சிறந்த இடங்களின் உலக வரைபடத்தில் இந்த வருடம் இசக்கியம்மாள் வீட்டு வேப்பமரம்தான் முதலிடம். உலகில் எஞ்சிய சில கூழைக்கடாப் பறவைகளில் ஒரு ஜோடி அதில் கூடு கட்டியிருந்தது. அவை மிரளக் கூடாதென்று வாசலில் சத்தத்தை அளக்கும் ஒலிமானி வைத்து, காவலுக்கு ஆளும் போட்டிருந்தார்கள். பறவைகள் பழகிய முகம் மாறக் கூடாதென்று, குஞ்சுகள் பறக்கும்வரை இசக்கியம்மாள் ஊரைத் தாண்டவும் தடை.

வளைகாப்பு முடிந்து மகள் வடிவு தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். வாசலில் கால் வைத்ததும் கை நிறைய இருந்த கண்ணாடி வளையல்கள் குலுங்கின. ஒலிமானியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வளையலக் கழட்டிட்டு உள்ள போங்க" என்றான் காவலாள்.

"பிள்ள பெறுறதுக்கு முன்னால எவளாவது கழட்டுவாளாய்யா? துணியச் சுத்திக்கிடுதோம்" என்றாள் இசக்கியம்மாள்.

"சரிம்மா. பிள்ள பெறந்து அழுமே, அதுக்கு எதச் சுத்துவீய?"

"மரத்துல இருக்கதும் பிரசவத்துக்குத்தானய்யா வந்திருக்கு!"

"அதுக்கு அனுமதி இருக்கும்மா."

வடிவு வந்த காரிலேயே புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

வடிவுக்கு மகன் பிறந்த வாரமே கூட்டிலும் முட்டை பொரிந்தது. குஞ்சுகள் தொண்டை கிழியக் கத்தின. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் தெருவில் நின்று அதைக் கேட்டுக் கண்கலங்கினார்கள்.

அடுப்படியில் இசக்கியம்மாள் கைப்பேசியின் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு வீடியோ அழைப்பில் பேரனைப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தான். அவள் உதட்டை மட்டும் அசைத்துத் தாலாட்டினாள்.