இரண்டாம் மாடி அரண்மனை

"மன்னருக்கு முதுகைக் காட்டக்கூடாது. கிளம்பும்போது அப்படியே பின்பக்கமா நடந்துதான் போகணும். வாசல்ல செருப்பு ஸ்டாண்டு இருக்கு, இடிச்சுக்காதீங்க" என்று மன்னரின் அக்கா தூதரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

தூதருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கீழே சலவைக்கடை, லிஃப்ட் ரிப்பேர், மூச்சு வாங்க ஏறி வந்த இந்த இரண்டாவது மாடி ஃப்ளாட்தான் அரண்மனையாம். ஹாலில் டி.வி.யை ஓரங்கட்டிவிட்டு, சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்றை நடுவில் போட்டிருந்தார்கள்.

அதில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. என்ன உயரம், என்ன மீசை! தூதர் தன்னையறியாமல் குனிந்து வணங்கிவிட்டார். குடியரசிடம் சம்பளம் வாங்குகிறவர் செய்கிற காரியமா இது? இடுப்பு தானாக வளைந்துவிட்டது, என்ன செய்ய.

வந்த விஷயத்தைச் சொன்னார். முடியாட்சி ஒழிந்தபோது அரச குடும்பத்தையே நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மன்னர் அப்போது கைக்குழந்தை. வளர்ந்த பிறகு அவர் முகத்தைப் பார்த்தவர் நாட்டில் ஒருவரும் கிடையாது. இப்போது அரசாங்கத்துக்கு மனசு இளகியிருக்கிறது. அரியணையில் எனக்கு உரிமையில்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பாஸ்போர்ட் கொடுத்துவிடுவார்கள். ஊர் திரும்பி எல்லாரையும்போல உழைத்துப் பிழைக்கலாம். மாட்டேன் என்றால் அதோடு சரி, இன்னொரு தடவை கேட்க மாட்டார்கள்.

கையெழுத்தெல்லாம் உள்ளே தனியறையில் வைத்துத்தான், யாரும் பார்க்கக்கூடாது, அது வம்ச வழக்கம் என்றார் அக்கா. மன்னர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சமையல்காரர் காபியும் கேக்கும் கொண்டுவந்தார். குள்ளமான, வழுக்கைத் தலை மனிதர், சட்டையெல்லாம் மாவு. தட்டை வைத்தவர், மன்னருக்கு நேராக முதுகைக் காட்டித் திரும்பி, விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். அக்கா அதை ஏன் என்று கேட்கவில்லை.

தூதருக்குத் தெம்பு வந்தது. வீட்டுச் சமையல்காரனே மதிக்காத ராஜா, கையெழுத்துப் போடாமல் எங்கே போகப் போகிறார்!

கேக் பிரமாதமாக இருந்தது. கை கழுவ உள்ளே போனபோது அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சமையல்காரருக்கு முகமெல்லாம் பல். ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூதரிடம் நெருங்கி வந்தார்.

"ஏங்க, கையெழுத்து முடிஞ்சுட்டா அங்க வந்து சின்னதா ஒரு பேக்கரி வெக்கலாமா? யாரும் தடுக்க மாட்டாங்கள்ல?"

"தாராளமா வைங்க. மொத கேக்கை நான்தான் வாங்குவேன்."

அந்த மனிதர் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூதருக்குப் பாவமாகிவிட்டது. எஜமானுக்காக இவனும் ஊர் உலகத்தை விட்டுவிட்டு இந்த மாடியில் கிடக்கிறான் போலிருக்கிறது, நம்மால் இவனுக்காவது ஒரு விடிவு வரட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஹாலுக்குத் திரும்பினால், மன்னர் எழுந்து நின்றிருந்தார்.

"முடியாது" என்றார். குரல் கணீரென்று சுவரில் மோதியது. "எங்க பாட்டன் முப்பாட்டன் உட்கார்ந்த அரியணை. அதை ஒரு பாஸ்போர்ட்டுக்கு வித்துட்டுப் போகச் சொல்றீங்களா? இந்தக் கை அந்தக் கையெழுத்தைப் போடாது. உங்க ஜனாதிபதிகிட்ட அப்படியே சொல்லுங்க."

அக்காவுக்குத் திறந்த வாய் மூடவில்லை. அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

தூதர் கெஞ்சிப் பார்த்தார். சொந்த மண்ணைப் பற்றிச் சொன்னார், வயதாகிறதே என்றார். மன்னர் அசைந்து கொடுக்கவில்லை. சரிகைச் சால்வையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டார்.

வந்த வேலை கெட்டுப்போனதில் தூதருக்கு ஆத்திரம்தான். ஆனாலும் உள்ளூர ஒரு மரியாதை வந்துவிட்டது. நாடு போனால் என்ன, மிடுக்கு போகவில்லையே! பின்பக்கமாகவே நடந்து, செருப்பு ஸ்டாண்டில் சரியாக இடித்துக்கொண்டு, காலைத் தேய்த்தபடி படியிறங்கிப் போனார்.

கதவு சாத்தியதும் மன்னர் சால்வையைக் கழற்றி மடித்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றவர், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. சமையல்காரர் தரையில் உட்கார்ந்து சிந்திய மாவை அள்ளிக்கொண்டிருந்தார்.

"சரின்னு சொல்றதாத்தானேப்பா பேசி வெச்சிருந்தோம்?" என்று நிமிராமலே கேட்டார்.

வாசலில் நின்றவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"மன்னிச்சிடுங்க மகாராஜா. நீங்க பேக்கரி வெச்சுப் பொழைச்சுக்குவீங்க, எனக்கு இந்த வேஷத்தை விட்டா வேற பொழப்பு இல்லையே."