வெளியே வரும் வழி

நீதிமன்ற வராந்தாவில் மடிக்கணினியுடன் நின்று ரெபேக்காள் பத்தாவது முறையாக முயன்றாள். ஓடையில் ஆலை சாயக்கழிவைத் திறந்துவிடும் படங்கள் எல்லாம் வீட்டுக் கணினியில் இருந்தன. இங்கிருந்து அதைத் தொடர்புகொள்ள முடியவில்லை.

"வீட்டு கனெக்‌ஷனுக்குள்ள வெளியிலேருந்து வர முடியாது மேடம். கம்பெனி ரூல்," என்றான் போனில் இணைய நிறுவனத்து ஆள். வழக்கு வேண்டாமென்று ஆலைக்காரர்கள் சொன்னதும் இதே நிதானத்தில்தான்.

வீட்டிலிருந்த, கணினியையே தொட்டறியாத அக்காவை போனில் அழைத்தாள்.

"கம்ப்யூட்டர் முன்னால உக்காருக்கா. வெளியிலேருந்து உள்ள வரத்தான் தடை, உள்ளேருந்து வெளிய வரத் தடையில்ல. நாம உள்ள போக வேண்டாம். அது வெளிய வந்து என்னத் தேடட்டும். நான் சொல்றத ஒவ்வொரு எழுத்தா அடி."

"தப்பா அடிச்சிட்டேன்னா?"

"திரும்ப அடி."

மூன்று முறை தவறியது. நான்காவது முறை இணைப்பு கிடைத்தது. டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டபோது முதல் படம் பாதிதான் வந்திருந்தது. மடிக்கணினியை மூடாமல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு உள்ளே நடந்தாள்.