ஒரு மூடி மூத்திரம்

அவன் ஓர் அதட்டு அதட்டினால் ஆயிரம் அடிக்குக் கீழே படுத்திருக்கும் தண்ணீர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து மேலே வரும்.

சொன்னவன் அவனேதான்.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அவன் கொஞ்சத்தோடு நிறுத்துகிறவன் இல்லை. சில பாறைகளை வெறுமனே முறைத்தே பிளந்திருக்கிறானாம்.

அந்த ஆள்தான் அன்றைக்குக் குழந்தைகள் வார்டில், கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு, தன் மகனின் கால்மாட்டில் குனிந்து நின்றான்.

ஒரு மூடி மூத்திரம் போதும்.

வரவில்லை.

வராமல் என்ன, வரும். டப்பாவை நீட்டினால் வராது. எடுத்தால் வரும். முந்தாநாள் மூத்திரம் பிடிக்க ஒட்டிய பையில் மலம் கலந்துவிட்டது. நேற்று ஒட்டிய பை கழன்று, பையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நனைத்தது. இன்று காலையில் அவன் தும்முவதற்கு டப்பாவோடு திரும்பினான். அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

எமகாதகன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன்.

டப்பாக்களை லேபுக்கு எடுத்துப்போகும் மதிய வண்டி போய்விட்டால் அவ்வளவுதான்.

மகனுக்கு வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட கிருமிக்குச் சரக்கு ரயில் நீளத்துக்குப் பெயர். சைட்டோமெகலோ வைரஸ். அவன் அதை 'மெகா வைரஸ்' என்று சுருக்கி வைத்திருந்தான்.

எச்சிலில் தென்பட்டது. அது தாய்ப்பாலிலிருந்து வாயில் ஒட்டியதாகவும் இருக்கலாம், மூத்திரம் சொன்னால்தான் உறுதி என்றார் டாக்டர். அதையும் பிறந்து மூன்று வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு கிருமி இருந்தாலும், கருவிலேயே வந்ததா வெளியே வந்த பிறகு ஒட்டியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து கொடுப்பதும், வருடக்கணக்கில் காதைக் கவனிப்பதும் அதை வைத்துத்தான்.

மூன்று வாரம் அன்றோடு முடிந்தது.

காதுச் சோதனையில் வலது காது தேறிவிட்டது.

இடது காது தேறவில்லை.

"ஸ்ஸ்ஸ்ஸ்" என்றான் அவன். பிள்ளையை ஒன்றுக்கு இருக்கவைக்க எல்லோரும் போடுகிற சத்தம்தான். ஆனால் அவன் தொண்டை கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று பழகிய தொண்டை.

"என்ற பையன் நாஞ் சொன்னாப் பேஞ்சுருவானுங்க சிஸ்டர்."

நர்ஸ் ஈரப் பஞ்சால் குழந்தையின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கட்டால கட்டில்ல ரெண்டு பேரு பேஞ்சுட்டாங்க. உங்க பையனத்தாங் காணோம்."

அவன் இன்னும் பலமாக ஒன்று போட்டான்.

மகனை மடியில் ஒருக்களித்துப் போட்டிருந்த அவன் மனைவி பல்லைக் கடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன எதையும் பாதிக்கு மேல் நம்பாதவள்.

"ஏனுங், கம்முனு இருங்க. கேட்டாத்தான பேய்வான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

நர்ஸின் கை நின்றது.

தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது.

எதற்கும் பதில் வைத்திருப்பவன், காலி டப்பாவைக் கை மாற்றிப் பிடித்தான்.

அவன் போட்ட போர் ஒன்றுகூடத் தண்ணீர் இல்லாமல் புகைந்ததில்லை என்பது ஊருக்கு அவன் சொல்வது. எத்தனையோ புகைந்திருக்கின்றன. வெள்ளைத் தூள் மட்டும் எழும்பும். தோட்டத்துக்காரர்கள் கலைந்து போகாமல் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவன் மனைவி அப்படித்தான் டப்பாவைப் பார்த்தாள்.

அவன் மகனின் காதுப் பக்கம் குனிந்தான். மீசை குத்தாத தூரத்தில் நிறுத்திக்கொண்டான்.

அவன் ரகசியம் பேசினால் நாமக்கல்லுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையிலிருந்து இப்படியும் ஒரு சத்தம் வரும் என்று பெற்றவள் வந்து சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"ஸ்..."

மூச்சைவிடக் கொஞ்சம் பெரிது.

குழந்தையின் நெற்றி சுருங்கியது.

கால்விரல்கள் விரிந்தன.

வந்தது.

வில்லாக வளைந்து வந்தது. மின்விசிறியின் இறக்கை நனைந்ததாக அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். டப்பாவில் விழுந்தது ஒரு மூடிக்குக் கொஞ்சம் அதிகம். மீதி அவன் சட்டை.

தண்ணீர் அடித்தால் வண்டி அதிரக் கூவுகிறவன். அன்று டப்பா சாயாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

நர்ஸ் மூடியைத் திருகிக்கொண்டு ஓடினாள். கீழே வண்டி இன்னும் நின்றது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிளம்பும் சத்தமும் கேட்டது.

"வர்ற நேரத்துக்கு வந்துருக்கு," என்றாள் மனைவி. "நீங்க சொல்லியாக்கும் பேஞ்சான்."

அவன் சட்டையைப் பிழிந்தான். எதிர்வாதம் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

மகனைத் தூக்கினாள்.

அவள் மடியில் அழுந்திக் கிடந்த பக்கம் சிவந்திருந்தது. கன்னத்தில் சேலை மடிப்பின் கோடு. வலது காது மடங்கி, தலையோடு ஒட்டிக் கிடந்தது.

விரலால் அதை மெல்லப் பிரித்துவிட்டாள்.

பிறகு அவன் தலையை மறுபக்கம் திருப்பினாள்.

இவ்வளவு நேரமும் மேலே இருந்த இடது காதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "குடுத்துட்டேங்க்கா. அதுசரி, எப்புடி அத்தன நேரங் கழிச்சுப் பேஞ்சான்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"அவரு சொன்னாருங்க," என்றாள் அவள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். மறுபடி சொன்னாள்.

"அவரு சொன்னாரு. கேட்டுட்டுப் பேஞ்சான்."